நகர்கோட் விடியல், சாங்கு நாராயணர் மலைநடை: சிங்கப்பூரிலிருந்து போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காத்மாண்டிலிருந்து கிழக்கே 32 கிலோமீட்டரில், ஏறத்தாழ 2,195 மீட்டர் உயரத்தில் இருக்கிறது நகர்கோட். இருட்டோடு அங்கே போய் விடியல் பார்த்துவிட்டு, மலைமுகட்டை ஒட்டி நடந்து, 1,541 மீட்டர் உயரக் குன்றின் மேலுள்ள சாங்கு நாராயணர் கோயிலை மதியவாக்கில் அடைவதுதான் இந்த ஒருநாள் நடை. இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இது இறங்குகிற நடை. ஆனால் சிங்கப்பூரிலிருந்து கிளம்புகிறவர்களில் பலர் ஏறுவதற்குத்தான் தயாராகிறார்கள். மூச்சு வாங்குமா, மலைநோய் மாத்திரை வேண்டுமா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். மலைநோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டும். இந்த நாளைக் கெடுப்பது முட்டி, கால்விரல் நகம், குளிர், நேரம் ஆகியவைதான்.

பள்ளி விடுமுறையைப் பார்த்து மாதத்தை முடிவு செய்வது

ஜூன் மாத நான்கு வார விடுமுறையில் போகலாம் என்று டிக்கெட் எடுத்துவிடுவது எல்லாவற்றிலும் பெரிய தவறு. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை அங்கே பருவமழை. பனிமலைகள் நாள்கணக்கில் மேகத்துக்குள் இருக்கும், பாதை சேறாகும், காட்டுப் பகுதியில் அட்டை ஏறும். ஒருவார செப்டம்பர் விடுமுறையும் மழையின் வாலில்தான் விழுகிறது. மார்ச் விடுமுறையில் மழை இருக்காது. ஆனால் மார்ச் நடுவிலிருந்து தூசியும் காட்டுத்தீப் புகையும் சேர்ந்து வடக்குத் தொடுவானத்தை வெளுக்கச் செய்துவிடும். சூரியன் தெரியும், மலை தெரியாது.

பள்ளிப் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்குச் சரியான காலம் ஆண்டிறுதி விடுமுறை, அதாவது நவம்பர் கடைசியும் டிசம்பரும். பிள்ளைகளின் நாட்காட்டி தடையில்லை என்றால் அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவரை இன்னும் நல்லது. மழை தூசியைக் கழுவிவிட்டுப் போயிருக்கும், குளிரும் கடுமையாகியிருக்காது. அந்த மாதங்களில் ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் அல்லது அக்டோபரில் வரும் தசைன் பண்டிகைக்கு வழிகாட்டிகளும் ஓட்டுநர்களும் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள். நம் தீபாவளியை ஒட்டி அவர்களுக்குத் திஹார் வரும். அந்த நாள்களில் போவதாக இருந்தால் வழிகாட்டியை முன்கூட்டியே பேசி உறுதி செய்துவிடுங்கள்.

15 நிமிடத்தை மறந்துவிடுவது

நேப்பாள நேரம் சிங்கப்பூரைவிட 2 மணி 15 நிமிடம் பின்னால், இந்திய நேரத்தைவிட 15 நிமிடம் முன்னால். கைக்கடிகாரத்தை இந்திய நேரத்துக்குத் திருப்பி வைத்திருப்பவர் 4 மணிக்கு வாசலுக்கு வந்தால் வண்டி அவருக்காக 15 நிமிடம் காத்திருந்திருக்கும். வெளிச்சத்துக்கு அந்தக் கால் மணி நேரம் பெரிது.

இன்னொன்று, சூரிய உதயம் என்றால் 7 மணி என்று நமக்குள் பதிந்துவிட்டது. சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் அதை ஒட்டித்தான் விடிகிறது. நகர்கோட்டில் ஏப்ரல் நடுவில் 5.40க்கே சூரியன் வந்துவிடும். அக்டோபர் நடுவில் 6 மணி தாண்டி, டிசம்பர் நடுவில் 6.45 போல, ஜனவரியில் 7 மணியை நெருங்கி. உதயத்துக்குக் குறைந்தது 45 நிமிடம் முன்பே காட்சிமேடையில் நிற்க வேண்டும். காத்மாண்டில் பயணிகள் தங்கும் பகுதியான தமேலிலிருந்து விடியற்காலையில் வண்டிப் பயணம் ஒன்றேகால் மணி முதல் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். கடைசிப் பகுதி வளைவு வளைவாக ஏறும். வண்டியில் குமட்டுகிறவர்கள் வெறும் வயிற்றோடு உட்காராமல் ஒரு வாழைப்பழமும் நாலு பிஸ்கட்டும் சாப்பிட்டுவிட்டு ஏறுவது நல்லது. வசதிப்பட்டால் முந்தைய இரவே நகர்கோட்டில் தங்கிவிடுங்கள். கொடுக்கும் காசுக்கு அது தகும். அப்போதும் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. உயரமான காட்சிக்கோபுரம் கடைத்தெருவிலிருந்து தெற்கே ஏறத்தாழ 4 கிலோமீட்டர். விடுதி மொட்டைமாடியிலிருந்தே பார்க்கப்போகிறோமா, கோபுரத்துக்கு வண்டி வருமா என்று இரவே தெரிந்திருக்க வேண்டும்.

நேர வித்தியாசத்தில் நமக்கு ஒரு சாதகமும் உண்டு. காத்மாண்டின் அதிகாலை 4 மணி நம் உடம்புக்குக் காலை 6.15. அதனால் இந்த நடையைப் பயணத்தின் முதல் இரண்டு மூன்று நாளுக்குள் வையுங்கள். ஒரு வாரம் கழித்து வைத்தால் உடம்பு அந்த ஊர் நேரத்துக்குப் பழகிவிடும், எழுந்திருப்பது பாடாகிவிடும்.

சூரியனையே பார்த்துக்கொண்டு நிற்பது

கூட்டம் முழுவதும் கிழக்கே திரும்பி கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருக்கும். பார்க்க வேண்டியது அங்கே இல்லை. டிசம்பரில் சூரியன் தென்கிழக்காக ஒதுங்கி எழும். லாங்டாங் லிருங், தோர்ஜே லாக்பா போன்ற சிகரங்கள் வடக்கே, ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் வரிசையாக நிற்கும். கணேஷ் ஹிமால் இன்னும் இடப்புறம், வடமேற்கில். உயரமான பனிமுனைகளில் நமக்குச் சூரியன் தெரிவதற்கு முன்பே வெயில் படும். சாம்பல் நிறம் முதலில் சிவப்பாகி, பிறகு செம்பாகி, பொன்னாகி, கடைசியில் வெறும் வெள்ளையாகிவிடும். சூரியன் முழுதாக மேலே வரும்போது அந்த நிறமெல்லாம் முடிந்திருக்கும். போனவுடன் வழிகாட்டியிடம் வடக்கு எது என்று கேட்டு அந்தப் பக்கம் கைப்பிடி ஓரம் நில்லுங்கள்.

எவரெஸ்ட்டைக் காட்டுகிறோம் என்று பிள்ளைகளிடம் சொல்லி வைக்காதீர்கள். அது 130 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. வானம் துல்லியமாக இருந்தால் தூரத்தில் ஒரு சிறு முனையாகத் தெரியும், அவ்வளவுதான்.

ஒரே தடித்த ஜாக்கெட்டை நம்புவது

டிசம்பர், ஜனவரி விடியலில் வெப்பநிலை 0 பாகையை நெருங்கும். அந்தக் குளிரில் ஒரு மணி நேரம் அசையாமல் நிற்க வேண்டும். மூன்று மணி நேரம் கழித்து அதே ஆள் வெயிலில் வியர்க்க வியர்க்க நடந்துகொண்டிருப்பார். ஒரு ஜாக்கெட் இரண்டுக்கும் ஒத்துவராது. உள்ளே தெர்மல், நடுவில் ஃபிளீஸ், வெளியே காற்றுத் தடுக்கும் மெல்லிய மேலுறை, கையுறை, காதை மூடும் குல்லாய். காலை உணவுக்கு உட்காரும்போதே தெர்மலைக் கழற்றிப் பையில் வைத்துவிடுங்கள். அதை மறந்து நடக்கத் தொடங்கினால் பாதி வழியில் காட்டுக்குள் நின்று உடை மாற்ற இடம் தேட வேண்டியிருக்கும். பருத்திச் சட்டை வேண்டாம், வியர்வையில் நனைந்தால் காயாது. கைப்பேசியை உள்பையில் உடம்போடு ஒட்டி வையுங்கள், குளிரில் மின்கலம் சட்டென்று இறங்கிவிடும்.

பழைய காலணி, பழகாத கால்

வீவக வீட்டு வாசலில் செருப்பு அலமாரியின் அடித்தட்டில் நாலைந்து வருடமாகக் கிடக்கும் மலையேற்றக் காலணி பார்க்கப் புதிதாகத்தான் இருக்கும். அதுதான் ஆபத்து. மேல்பகுதிக்கும் ரப்பர் அடிக்கும் நடுவே இருக்கும் பட்டை பெரும்பாலும் பாலியூரித்தேன் நுரை. நம் ஊர் ஈரப்பதத்தில் அது போடாமல் வைத்திருந்தாலும் உள்ளுக்குள் சிதைந்துகொண்டே வரும். அலமாரியில் இருக்கும்வரை எதுவும் தெரியாது. மலையில் இரண்டு மணி நேரம் நடந்ததும் அடிப்பகுதி வாழைப்பழத் தோல் போல உரிந்து தொங்கும்.

கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே எடுத்துப் பாருங்கள். அந்த நுரைப் பட்டையைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்துங்கள். நல்ல நுரை அமுங்கி மீளும். நகக்குறி அப்படியே நின்றாலும், மாவாக உதிர்ந்தாலும், காலணியை வளைக்கும்போது மெல்லிய வெடிப்பு தெரிந்தாலும் தூக்கிப் போட்டுவிடுங்கள். ஒட்டுப் போட்டுப் பயனில்லை, கெட்டுப்போனது பசையல்ல, நுரை. சோதனையில் தேறிய காலணியையும், புதிதாக வாங்கியதையும் மெக்ரிச்சியில் ஒரு 5 கிலோமீட்டராவது போட்டு நடந்த பிறகே பெட்டியில் வையுங்கள். இரண்டு மீட்டர் துணி டேப்பை ஒரு பேனாவில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டால், வழியில் யாருடைய அடி கழன்றாலும் ஊர் வரை கட்டி நடக்கலாம்.

இனி கால். காட்சிக்கோபுரத்திலிருந்து கோயில்வரை மொத்தமாக 600 மீட்டருக்கு மேல் இறக்கம். புக்கிட் தீமா உச்சி கடல்மட்டத்திலிருந்து 163 மீட்டர்தான். மாடிப்படி ஏறிப் பயிற்சி எடுக்கிறவர்கள் மேலே போய்ச் சேர்ந்ததும் மின்தூக்கியில் இறங்கி வந்துவிடுகிறார்கள். இந்த நடைக்கு அதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். மின்தூக்கியில் மேலே போங்கள், படியில் இறங்குங்கள். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குகிறது. பழகாத தசைக்கு அந்த வேலைதான் அதிகச் சேதம் செய்யும். மறுநாளும் அதற்கடுத்த நாளும் கழிப்பறையில் உட்கார்ந்து எழ முடியாமல் செய்வது அதுதான். பயணத்துக்கு மூன்று நான்கு வாரம் முன்பிருந்து வாரம் இருமுறை, 12 மாடி புளோக் ஒன்றில் முதல் வாரம் மூன்று முறை இறங்கத் தொடங்கி எட்டுப் பத்து முறைக்குக் கொண்டுவந்தால் போதும். இப்படி ஓரிரு முறை வலியை அனுபவித்துவிட்ட தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையில் அவ்வளவு நோகாது. முட்டியில் ஏற்கெனவே பிரச்சினை உள்ளவர்கள் எண்ணிக்கையைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

கால்நகங்களை இரண்டு நாள் முன்பே ஒட்ட வெட்டிவிடுங்கள். இறக்கத்தில் பாதம் முன்னே வழுக்கி நகம் காலணியில் மோதிக்கொண்டே இருந்தால், அடியில் இரத்தம் கட்டிக் கறுத்துவிடும். நடக்கத் தொடங்குமுன் குதிகாலைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டிப் பின்னுக்குத் தள்ளி, கணுக்கால் பக்கம் நாடாவை இறுக்கி, விரல் பக்கம் தளர்த்திக் கட்டுங்கள். ஊன்றுகோல் இருந்தால் சமதளத்துக்கு வைப்பதைவிட 5 முதல் 10 சென்டிமீட்டர் நீட்டிக்கொள்ளுங்கள். காலடி சின்னதாக, முட்டி சற்று மடிந்தபடி இறங்குங்கள்.

எங்கிருந்து நடக்கிறோம் என்று கேட்காமல் பணம் கட்டுவது

ஒரே பெயரில் இரண்டு விதமான நடை விற்கப்படுகிறது. ஒன்று நகர்கோட்டிலிருந்தே முழுதும் நடப்பது, வழியைப் பொறுத்து 12 முதல் 15 கிலோமீட்டர், நாலைந்து மணி நேரம். மற்றது பாதி வழியிலுள்ள தெல்கோட் என்ற ஊர் வரை வண்டியில் இறக்கிவிட்டு, அங்கிருந்து ஒன்றரை இரண்டு மணி நேரம் முகட்டு வழியே நடப்பது. வயதானவர்களோடும் சின்னப் பிள்ளைகளோடும் போகிறவர்களுக்கு இரண்டாவதுதான் நல்லது. பைன் மரங்களுக்கு நடுவே போகும் அழகான பகுதி அதுதான், மேல்பகுதியில் நிறைய இடம் இப்போது வண்டிப்பாதையாகித் தூசி பறக்கிறது. எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியவை: நடை தொடங்கும் இடம், கிலோமீட்டர், காலை உணவு எங்கே, நுழைவுக் கட்டணம் விலைக்குள் அடக்கமா, வண்டி எங்கே காத்திருக்கும். வழிகாட்டியின் உரிம அட்டையைப் பார்க்கக் கேட்பது அவமரியாதை ஆகாது. வழியில் பெயர்ப்பலகை இல்லாத பிரிவுகள் பல. அவரைத் தாண்டி முன்னே ஓடும் பிள்ளைகளைப் பிரிவு வந்தால் நிற்கச் சொல்லிப் பழக்குங்கள்.

குடிநீர் ஆளுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர். குழாய்த் தண்ணீர் வேண்டாம். டிஷ்யூ எடுத்துக்கொள்ளுங்கள். சைவர்களுக்குத் தால் பாத் எனும் பருப்புச் சோறு எங்கும் கிடைக்கும். கொழுக்கட்டை போன்ற மோமோ கேட்டால் உள்ளே என்ன என்று விசாரியுங்கள், பல இடங்களில் எருமைக்கறி. சில்லறை நேப்பாள ரூபாய் கையில் இருக்கட்டும், மலைப்பாதைத் தேநீர்க் கடையில் அட்டையை நீட்ட முடியாது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் நிரந்தரவாசிகள் அதையே எடுத்துப் போங்கள். பக்தபூர் போன்ற இடங்களில் சார்க் எனும் தெற்காசியக் கூட்டமைப்பு நாட்டவருக்குத் தனிக் கட்டணம், வெளிநாட்டவர் கட்டணத்தைவிட மிகக் குறைவு. குடியுரிமையைத்தான் பார்ப்பார்கள்.

நாய்களைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் வெறிநாய்க்கடி நோய் இல்லை, அதனால் நம் பிள்ளைகள் எந்த நாயைக் கண்டாலும் தடவப் போவார்கள். நேப்பாளத்தில் அந்த நோய் உண்டு. கடித்தாலோ நகம் கீறினாலோ, சின்னக் காயம்தானே என்று விடாதீர்கள். உடனே 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றே தடுப்பூசிக்குப் போக வேண்டும். நடை பாதியில் நின்றாலும் சரி.

கோயிலுக்கு 20 நிமிடம் ஒதுக்குவது

பயண அட்டவணைகளில் விடியலுக்கு ஒரு மணி நேரம், கோயிலுக்குக் கால் மணி அரை மணி என்றிருக்கும். மாற்றச் சொல்லுங்கள், குறைந்தது ஒன்றரை மணி நேரம் வேண்டும். கோபுரத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். இது இரண்டடுக்குக் கூரையும் செதுக்கிய மரத்தாங்கிகளும் கொண்ட கோயில், காத்மாண்டு சமவெளியின் உலக மரபுடைமைப் பட்டியலில் 1979 முதல் இருப்பது. கருவறைக்குள் பூசாரி மட்டுமே போவார், கதவு எந்நேரமும் திறந்திருக்காது. சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலில் போல அர்ச்சனைச் சீட்டு வாங்கி நிற்கும் முறையும் இல்லை. மூடிய கதவைப் பார்த்துவிட்டு அவ்வளவுதானா என்று திரும்பிவிடுவதுதான் இங்கே நடக்கும் தவறு. பார்க்க வேண்டியவை பல வெளி முற்றத்தில் இருக்கின்றன.

வாசலை நோக்கி மண்டியிட்டிருக்கும் கருடன், கழுத்தில் பாம்பு. பக்கத்தில் லிச்சவி வம்ச மன்னன் மானதேவனின் கல்வெட்டு, கி.பி. 464. கணவனோடு உடன்கட்டை ஏறத் துணிந்த தாயை மகன் தடுத்து நிறுத்திய செய்தி அதில் இருக்கிறது. முற்றத்தைச் சுற்றி நரசிம்மர், பல தலைகளோடு விசுவரூபம், கால் தூக்கிய திருவிக்கிரமர். திருக்கோவலூரிலும் காஞ்சியிலும் உலகளந்த பெருமாளை அண்ணாந்து பார்த்துப் பழகியவர்கள் இங்கே குனிந்து பார்க்க வேண்டும், கற்பலகை அவ்வளவு சிறிது. தொடாமல் பாருங்கள். இன்னொரு மூலையில் கருடன் மேல் அமர்ந்த விஷ்ணு. நேப்பாளத்தின் 10 ரூபாய் நோட்டில் இருப்பவர் அவர்தான். காலையில் தேநீருக்குச் சில்லறை மாற்றும்போது ஒரு நோட்டை எடுத்து வைத்திருந்தால், பிள்ளைகளிடம் கொடுத்து அந்தச் சிலையைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம்.

வண்டி நகர்கோட்டில் நிற்காமல் சாங்கு அடிவாரத்துக்கு வந்துவிட வேண்டும் என்று ஓட்டுநரிடம் காலையிலேயே சொல்லிவிடுங்கள். கோயிலிலிருந்து வண்டி நிறுத்துமிடம்வரை கடைகளுக்கு நடுவே இறங்குவது கற்படிகள்தான், கடைசிப் படிவரை நாடாவைத் தளர்த்த வேண்டாம்.