ஆடிக் காற்று ஓய்ந்ததும் ஆண்டெனா ட்யூனரைத் திறங்க

சோமனூரில் என் ஹாம் (பொழுதுபோக்கு வானொலி) அறைக்கு அடுத்த சுவரே தறிக்குடோன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆனியில் ஆரம்பித்தால் ஆடி முடியும்வரை பஞ்சு பறந்துகொண்டே இருக்கும், ஜன்னலுக்குக் கொசுவலை அடித்தாலும் நிற்காது. போன வருடம் 40 மீட்டர் அலைவரிசையில் பேசிக்கொண்டிருந்தபோது, ரேடியோவையும் ஆண்டெனாவையும் பொருத்திவைக்கும் ட்யூனர் பெட்டிக்குள் சடசடவென்று சத்தம், எஸ்டபிள்யூஆர் (அந்தப் பொருத்தம் எவ்வளவு சரி என்று காட்டும் அளவு, குறைந்தால் நல்லது) முள் துள்ளுகிறது. மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால் கண்டென்சரின் இரண்டு தகடுகளுக்கு நடுவே ஒரே ஒரு பஞ்சு இழை, பாதி கருகிப்போய். அது ஒட்டியிருந்த தகட்டின் ஓரத்தில் ஊசிமுனை அளவுக்கு ஒரு கரும்புள்ளி.

ஒரு மில்லிமீட்டர் காற்று இடைவெளி சுமார் 3000 வோல்ட்வரை தாங்கும். ஆனால் நடுவில் இழை இருந்தால், அதுவும் ஈரம் ஏறிய இழை என்றால், அதில் பாதியைக்கூடத் தாங்காமல் பொறி பறந்துவிடும். பழைய வால்வு ரேடியோவில் ஸ்டேஷன் மாற்றத் திருப்பும் கேங் கண்டென்சரைப் போட்டு நாமே கட்டிய ட்யூனரில் இடைவெளி இன்னும் குறைவு, அதில் கூடுதல் கவனம் வேண்டும்.

புதிதாக ஹாம் ஆனவர்கள் கேட்கும் முதல் கேள்வி, எந்த எண்ணெய் போடுவது என்பதுதான். நம் ஊரில் எல்லார் வீட்டிலும் தையல் மெஷின் எண்ணெய் இருக்கும், கை தானாக அதைத்தான் எடுக்கும். நானும் முதல் ட்யூனரின் சுருள் முழுக்க அதைத்தான் விட்டேன், மூன்றே மாதத்தில் எண்ணெயும் பஞ்சும் சேர்ந்து சேறு மாதிரி படிந்துவிட்டது. ட்யூனருக்கு வேண்டியது பெரும்பாலும் துடைப்புதான். எண்ணெய்ப் பசை வேண்டிய இடம் உள்ளே மொத்தம் நாலைந்துதான், அதுவும் கடுகளவு.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் ரேடியோவின் மின்சாரத்தை நிறுத்துங்கள், ஆண்டெனா கேபிளைக் கழற்றுங்கள். காய்ந்த காற்று அடிக்கும் நாளில் வெளியே நிற்கும் கம்பியில் நிலை மின்சாரம் ஏறியிருக்கும், அதனால் கழற்றிய கேபிளின் நடுக்கம்பியை எர்த்தில் ஒரு தடவை தொடவைத்துவிட்டு ஓரமாக வையுங்கள். மூடியைத் திறக்கும் முன்னால் குமிழ்கள் நிற்கும் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள், திறந்ததும் உள்ளே நாலு கோணத்தில் போட்டோ எடுங்கள். எந்தக் குமிழையும் தண்டிலிருந்து கழற்றாமல் முடிந்தால் ரொம்ப நல்லது.

அடுத்தது தூசி. கேமராவுக்கு ஊதும் ரப்பர் பந்தும் மெல்லிய பெயிண்ட் பிரஷும் போதும். பக்கத்துப் பட்டறையின் கம்ப்ரஸர் காற்றை அடிக்க வேண்டாம், அதில் தண்ணீரும் எண்ணெயும் கலந்து வரும், தகடும் வளையும். கண்டென்சரை முழுக்கத் திறந்த நிலையில் வைத்துப் பிரஷால் தகட்டின் நீளவாக்கில் இழுத்தால் இழைகள் தானாகச் சுருண்டு வரும். கரும்புள்ளி இருந்தால் அந்த ஓரத்தை மட்டும் 600 நம்பர் வாட்டர் பேப்பரால் லேசாக மழுக்குங்கள். ஓரம் கூராக நின்றால் அதே இடத்தில் மறுபடி பொறி பறக்கும். தேய்த்த அலுமினியத் துகளை ஊதி எடுத்தபிறகுதான் அடுத்த வேலை.

உருளைச் சுருள் இருக்கும் ட்யூனரில் அதிகம் மெனக்கெட வேண்டியது அந்தச் சுருளில்தான். கம்பி மேல் உருளும் சின்னச் சக்கரம்தான் தொடர்பு கொடுக்கிறது, கம்பி கறுத்தால் தொடர்பு விட்டுவிட்டு வரும். 99 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் பருத்தி நாடாவை நனைத்து, செருப்புக்குப் பாலிஷ் போடுகிற மாதிரி ஒவ்வொரு சுற்றாகத் துடையுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீதத்தில் தண்ணீர் அதிகம், எலக்ட்ரானிக்ஸ் பார்ட்ஸ் கடையில் கேளுங்கள். சீக்கிரம் தீப்பிடிக்கும் திரவம், ஜன்னல் திறந்திருக்கட்டும், ஊதுபத்திகூடப் பக்கத்தில் வேண்டாம். பூசியிருக்கும் வெள்ளி போய்விடும் என்பதால் எமரி பேப்பர் கூடவே கூடாது. பிடிவாதமான கறைக்குப் பென்சில் அழிப்பான் போதும். எம்எஃப்ஜே என்ற அமெரிக்க நிறுவனத்தின் 949 மாதிரி ட்யூனர்களில் உருளை கிடையாது, ஸ்விட்ச்தான். அதற்குக் கான்டாக்ட் கிளீனரை (மின்தொடர்பு முனைகளைச் சுத்தம் செய்யும் ஸ்பிரே) லேசாக அடித்துப் பத்துத் தடவை திருப்பினால் முடிந்தது. அந்த நிறுவனம் 2024 மே மாதத்தில் சொந்தத் தொழிற்சாலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது, இருப்பதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போதுதான் கிரீஸ். வெள்ளை லித்தியம் கிரீஸைப் பல் குச்சியின் நுனியில் எடுத்து, கண்டென்சர் தண்டு சுழலும் முன்பக்க பேரிங் குண்டுகளிலும் சுருள் தண்டின் இரண்டு முனைகளிலும் சுற்று எண்ணும் பல்சக்கரத்திலும் தொட்டு வையுங்கள். தண்டைப் பிடித்தபடி ஒரு வளைந்த ஸ்பிரிங் தகடு உரசிக்கொண்டிருக்குமே, மின்னோட்டம் போவது அது வழியாகத்தான். அங்கே கிரீஸ் படக்கூடாது, கிளீனரில் நனைத்த குச்சியால் துடைத்தால் போதும். சுருள் கம்பியிலும் செராமிக் தாங்கிகளிலும் துளிகூடப் படக்கூடாது.

மூடும் முன்னால் மல்டிமீட்டர் சோதனை. கேபிள்கள் எதுவும் இணைக்காமல், கன்டின்யூட்டியில் வைத்து ஒரு முனை சுழலும் தகட்டில், இன்னொன்று நிலைத் தகட்டில்; கண்டென்சரை முழுக்கத் திருப்பும்போது ஒரு தடவைகூட பீப் கேட்கக்கூடாது. கேட்டால் எங்கேயோ தகடு வளைந்து தொடுகிறது. சுருளில் இதற்கு நேர்மாறு: ஒரு முனைக்கும் சக்கரத்துக்கும் நடுவே வைத்து உருட்டினால் பீப் விடாமல் வர வேண்டும், விட்டுவிட்டு வந்தால் அந்தச் சுற்றை மறுபடி துடையுங்கள்.

பிறகு மூடியைப் போட்டு, கேபிள்களை இணைத்து, 10 வாட்டில் ட்யூன் செய்து பாருங்கள். டி வகை ட்யூனர் (இரண்டு கண்டென்சரும் நடுவில் ஒரு சுருளும் ஆங்கில T எழுத்து மாதிரி இணைந்தது) என்றால் இரண்டு கண்டென்சரையும் முடிந்தவரை மூடிய பக்கமாகவும் சுருளைக் குறைவாகவும் வைத்து எஸ்டபிள்யூஆர் இறங்குகிற இடத்தைத் தேடுங்கள். உள்ளே வோல்டேஜும் சூடும் அப்படித்தான் குறையும். அனுப்பிக்கொண்டிருக்கும்போது ஸ்விட்சைத் திருப்பவே கூடாது, அதன் முனைகள் கருகிவிடும். கிடைத்த எண்களை பேண்ட் (அலைவரிசை) வாரியாக ஒரு தாளில் எழுதி மூடி மேல் ஒட்டிவிட்டால், அடுத்த ஆடியில் எண்கள் நகர்ந்திருக்கிறதா என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.