போஸ்ட்ஃபிக்ஸ் க்யூவில் மெயில் குவியாமல் தடுப்பது எப்படி?

"க்யூவில் இத்தனை மெயிலுக்கு மேல் சேரக் கூடாது" என்று சொல்ல போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருளில் ஏதாவது ஒரு வரி இருக்கும், அதை மெயின்.சிஎஃப் என்ற அமைப்புக் கோப்பில் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் நானும் முதலில் தேடினேன். அப்படி ஒன்று கிடையாது. க்யூமேனேஜர்_மெசேஜ்_ஆக்டிவ்_லிமிட் என்று ஒன்று இருக்கிறதே என்பீர்கள் (கோப்பில் முதல் சொல்லைச் சுருக்கி க்யூஎம்ஜிஆர் என்று எழுத வேண்டும்). அதன் இயல்பு மதிப்பு 20000. அது ஒரே நேரத்தில் ஆக்டிவ் க்யூவில் (இப்போது அனுப்பப்படும் மெயில்களின் வரிசை) எத்தனை இருக்கலாம் என்பதை மட்டுமே சொல்கிறது. அதைக் குறைத்தால் மீதி மெயில்கள் மறையாது, இன்கமிங் க்யூவில் (புதிதாக வந்தவற்றின் வரிசை) காத்திருக்கும், அவ்வளவுதான். ஆகவே கட்டுப்படுத்த வேண்டியது மூன்றை: உள்ளே வரும் வேகம், உள்ளே தங்கும் நாட்கள், டிஸ்க் இடம்.

கட்டளைகளை இங்கே ஒலிப்பில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள். அண்டர்ஸ்கோர் போட்ட இடத்தில் அதையும் போட வேண்டும்.

முதலில் பாருங்கள், எதையும் அழிக்காதீர்கள்

'போஸ்ட்க்யூ -பி' என்று அடித்தால் க்யூ முழுவதும் வரும், 'மெயில்க்யூ' என்றாலும் அதேதான். ஒவ்வொரு மெயிலுக்கும் ஓர் ஐடி, அளவு, வந்த நேரம், அனுப்பியவர் முகவரி, அதற்குக் கீழே அடைப்புக்குறிக்குள் ஏன் போகவில்லை என்ற காரணம். ஐடி பக்கத்தில் நட்சத்திரம் இருந்தால் இப்போது அனுப்பப்படும் நிலையில் இருக்கிறது, ஆச்சரியக்குறி என்றால் ஹோல்டில், அதாவது அனுப்பாமல் நிறுத்திவைக்கப்பட்டு, நிற்கிறது, இரண்டும் இல்லையென்றால் பெரும்பாலும் டிஃபர்ட், அதாவது போய் முட்டித் திரும்பி மறுபடி முயற்சிக்கக் காத்திருப்பது.

பட்டியல் நீளமாக ஓடினால் 'க்யூஷேப் டிஃபர்ட்' அடியுங்கள், எந்த டொமைனுக்குப் போக வேண்டியது எத்தனை, எவ்வளவு நிமிடமாகக் கிடக்கிறது என்று அட்டவணையாகத் தரும். '-எஸ்' சேர்த்தால் அனுப்பிய டொமைன் வாரியாகப் பிரிக்கும். அப்புறம் ஏதாவது ஒரு ஐடியை எடுத்து 'போஸ்ட்கேட் -க்யூ' என்று போட்டு, பின்னால் அந்த ஐடியைக் கொடுத்து, மெயில் எந்த வழியாக வந்தது என்று சொல்லும் ரிசீவ்ட் வரிகளைப் படியுங்கள். இந்த ஒரு படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அடுத்த வாரமும் அதே க்யூவை அள்ளிக்கொண்டிருப்பார்கள்.

வாசலில் நிறுத்துவது

மெயில் எந்த வழியாக வந்தது என்பதைப் பொறுத்துத்தான் மருந்து.

எஸ்எம்டிபி (சர்வர்கள் மெயிலை அனுப்பப் பயன்படுத்தும் நெறிமுறை) வழியாக வெளியிலிருந்து கொட்டுகிறது என்றால் எஸ்எம்டிபிடி_கிளையன்ட்_மெசேஜ்_ரேட்_லிமிட். இயல்பாக இது 0, அதாவது தடையே இல்லை. 30 என்று வைத்தால் ஓர் ஐபி முகவரியிலிருந்து 60 விநாடிக்கு 30 மெயில்தான், அதற்கு மேல் 450 என்ற தற்காலிகப் பிழை போகும். இரண்டு இடத்தில் சறுக்கும்: மைநெட்வொர்க்ஸில் (நம்பகமானவை என்று நீங்கள் குறித்த ஐபிகளின் பட்டியல்) இருக்கும் முகவரிகளுக்கு இந்த வரம்பு பொருந்தாது, அதனால் உங்கள் உள் நெட்வொர்க்கில் ஒரு கம்ப்யூட்டர் வைரஸ் பிடித்து அனுப்பினால் இது வேடிக்கைதான் பார்க்கும். அப்புறம், ஓர் அலுவலகமே ஒரே ஐபிக்குப் பின்னால் இருந்தால் அத்தனை பேருக்கும் சேர்த்துத்தான் அந்த 30. லாகின் வாரியாக வரம்பு வேண்டுமென்றால் போஸ்ட்ஃபிக்ஸால் தனியாக முடியாது, போஸ்ட்எஃப்டபிள்யூடி போன்ற பாலிசி சர்வர் (மெயிலை ஏற்கலாமா என்று போஸ்ட்ஃபிக்ஸுக்குச் சொல்லும் தனி நிரல்) ஒன்றைப் பக்கத்தில் வைக்க வேண்டும்.

ரிசீவ்ட் வரியில் 'ஃப்ரம் யூசர்ஐடி 33' என்று இருக்கிறதா? டெபியனிலும் உபுண்டுவிலும் 33 என்பது வெப் சர்வரின் பயனர். அதாவது உங்கள் வெப்சைட்டே அனுப்புகிறது. நான் பார்த்துக்கொண்ட ஒரு சின்ன சர்வரில் இதுதான் நடந்தது. தொடர்பு ஃபார்மில் "எனக்கும் ஒரு நகல்" என்று ஒரு டிக் வைத்திருந்தேன், பாட்கள் (தானியங்கி நிரல்கள்) அந்த இடத்தில் ஊரார் முகவரிகளைப் போட்டு இரவு முழுக்க அனுப்பியிருக்கின்றன. மேலே சொன்ன ரேட் லிமிட்டை வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போயிருந்தேன். அதே சர்வரில் உள்ள நிரல்கள் பயன்படுத்தும் சென்ட்மெயில் கட்டளை வழியாக வருவது அந்த வாசலுக்கே வருவதில்லை என்பது காலையில்தான் புரிந்தது. இதற்கு ஆதரைஸ்ட்_சப்மிட்_யூசர்ஸ் என்ற வரியில் '!டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா, ஸ்டாட்டிக்:ஆல்' என்று போட்டால் வெப் பயனரால் அந்த வழியில் அனுப்பவே முடியாது. ஃபார்மை லாகின் வைத்து எஸ்எம்டிபி வழியாக அனுப்பச் சொல்லிவிடுங்கள். நகல் டிக்கையும் தூக்கிவிடுங்கள்.

மூன்றாவது, அனுப்பியவர் இடத்தில் எல்லாம் மெய்லர்-டீமன் என்றே இருந்தால் அவை பவுன்ஸ்கள், அதாவது "மெயில் போய்ச் சேரவில்லை" என்ற அறிவிப்புகள். இல்லாத பயனருக்கு வந்த ஸ்பாமை வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு போலி முகவரிக்குத் திருப்பி அனுப்பப் பார்க்கிறது உங்கள் சர்வர். சர்வரில் யார் யார் இருக்கிறார்கள் என்று சொல்லும் லோக்கல்_ரெசிப்பியன்ட்_மேப்ஸ் காலியாக இருந்தால் இப்படி ஆகும். சரியாக நிரப்பினால் வாசலிலேயே "அப்படி யாரும் இங்கே இல்லை" என்று சொல்லிவிடும்.

எத்தனை நாள் வைத்திருப்பது

மேக்ஸிமல்_க்யூ_லைஃப்டைம், பவுன்ஸ்_க்யூ_லைஃப்டைம் இரண்டும் இயல்பாக 5 நாள். முதலாவதைக் குறைக்க எனக்கு விருப்பமில்லை, 4-5 நாளாவது முயலச் சொல்கிறது எஸ்எம்டிபியின் தர ஆவணமான ஆர்எஃப்சி 5321, வார இறுதியில் எதிர் சர்வர் படுத்துவிட்டால் திங்கட்கிழமை அந்த மெயில் போய்ச் சேர வேண்டுமே. பவுன்ஸை மட்டும் தயங்காமல் ஒரு நாளாக்குங்கள்:

போஸ்ட்கான்ஃப் -இ பவுன்ஸ்_க்யூ_லைஃப்டைம்=1டி
போஸ்ட்ஃபிக்ஸ் ரீலோட்

இரண்டையும் ரூட்டாக அடிக்க வேண்டும். 'டி' என்றால் நாள்.

டிஸ்க்

க்யூ இருப்பது வார் அடைவில், ஸ்பூலுக்குள், போஸ்ட்ஃபிக்ஸ் என்ற இடத்தில். மெசேஜ்_சைஸ்_லிமிட் இயல்பாக 10240000 பைட். காலி இடம் அதில் ஒன்றரை மடங்குக்குக் கீழே போனால் எஸ்எம்டிபியில் புது மெயில் வாங்குவதை போஸ்ட்ஃபிக்ஸ் தானே நிறுத்தும். ஆனால் அது சுமார் 15 எம்பிதான், டேட்டாபேஸும் அதே டிஸ்க்கில் இருந்தால் அதற்குள் எல்லாம் கவிழ்ந்திருக்கும். க்யூ_மின்ஃப்ரீ என்பதில் 1000000000 என்று வையுங்கள், ஒரு ஜிபி மிச்சம் இருக்கும்போதே கதவு மூடிக்கொள்ளும்.

இப்போது சேர்ந்துபோனதை என்ன செய்வது?

'போஸ்ட்சூப்பர் -டி ஆல் டிஃபர்ட்' (இதில் ஆல் மட்டும் பெரிய எழுத்து) டிஃபர்ட் க்யூவில் உள்ள அத்தனையையும் துடைத்துவிடும், கிரேலிஸ்ட்டில் ("சற்று நேரம் கழித்து வா" என்று எதிர் சர்வர் திருப்பிவிட்டதால்) காத்திருக்கும் நல்ல மெயிலும் அதோடு போய்விடும், திரும்ப எடுக்க வழியில்லை. அதனால் முதலில் சின்ன எச் போட்டு, 'போஸ்ட்சூப்பர் -எச் ஆல்' என்று எல்லாவற்றையும் ஹோல்டில் நிறுத்துங்கள். ஹோல்டில் இருக்கும்வரை காலாவதி ஆகாது, டீ குடித்துவிட்டு வந்து நிதானமாகப் பார்க்கலாம். குப்பையின் ஐடிகளை மட்டும் '-டி' கொடுத்து அழியுங்கள், மிச்சத்தைப் பெரிய எச் போட்டு விடுவியுங்கள்.