குளவிக் கூட்டைக் கொளுத்தும் முன்: அதன் எதிரி யார் என்று கண்டுபிடிப்பது எப்படி?

சன்ஷேடுக்குக் கீழே குளவி கூடு கட்டிவிட்டால் நம் வீடுகளில் எழும் முதல் குரல், "அந்தத் தீப்பந்தத்தை எடு" என்பதுதான். கூடு வாசலுக்கு நேர்மேலே இல்லையென்றால் ஒரு மாதம் பொறுத்துப் பாருங்கள். குளவியைத் தின்ன வரிசைகட்டி ஆள் வருவதை நீங்களே பார்க்கலாம். தேவை ஒரு நோட்டு, ஒரு பேனா, கொஞ்சம் பொறுமை. பைனாகுலர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் செல்போன் ஜூம் போதும்.

படி 1: எந்தக் குளவி?

சுவரில் மண்ணை அப்பியதுபோல் கட்டுவது மண்குளவி. தனியாகத் திரியும், வம்புக்குப் போனால் ஒழியக் கொட்டாது. மெல்லிய ஒற்றைக் காம்பில், திறந்த அறைகளோடு காகிதம்போல் தொங்கும் கூடு காகிதக் குளவியுடையது. இந்தச் செய்முறை பெரும்பாலும் அதற்குத்தான்.

பானைபோல் உருண்டு, மேலே உறை மூடிய கூடு என்றால் அது கதண்டு என்னும் பெரிய குளவியுடையது. அதன் பக்கமே போகாதீர்கள். 101 அல்லது 112-ஐ அழைத்துத் தீயணைப்புத் துறைக்குச் சொல்லுங்கள். வீட்டில் யாருக்காவது முன்பு பூச்சி கொட்டி மூச்சுத் திணறல் வந்திருந்தாலும் இந்த விளையாட்டு வேண்டாம்.

படி 2: உட்காரும் இடம்

நான்கைந்து மீட்டர் தள்ளி நாற்காலி போடுங்கள். உங்கள் நிழலோ மூச்சோ கூட்டின்மேல் படக்கூடாது. காலை 7 முதல் 9 மணி வரை நல்ல நேரம். முதல் நாளே கூட்டைப் படம் எடுத்து, மொத்தம் எத்தனை அறை, எத்தனைக்கு வெள்ளை மூடி போட்டிருக்கிறது என்று எழுதிவையுங்கள். மூடிய அறைக்குள் இருப்பது கூட்டுப்புழு. இந்தக் கணக்குதான் பின்னால் உதவும்.

படி 3: காம்பைக் கவனியுங்கள்

இவ்வளவு பெரிய கூட்டை ஏன் நூல்போன்ற ஒரு காம்பில் தொங்கவிட வேண்டும்? எறும்புக்குப் பயந்துதான். பாதை ஒன்றே ஒன்று என்றால் காவல் சுலபம். அதோடு, குளவி தன் வயிற்றின் நுனியைக் காம்பில் தேய்ப்பதைப் பார்ப்பீர்கள். அந்தக் கசிவின் வாடை எறும்பை அண்டவிடாது. குளவிகள் குறைந்துபோன கூட்டில் முசுறு ஏறிவிட்டால் முட்டை, புழு எதுவும் மிஞ்சாது.

படி 4: பெரிய எதிரிக்குக் காத்திருங்கள்

காகிதக் குளவிக்கு எமன் பறவையில்லை, இன்னொரு குளவி. உடல் கருத்து, வயிற்றில் அகலமாக ஒரே ஒரு மஞ்சள் பட்டை போட்ட கதண்டு அது. எங்கள் மாடிப்படிக்குக் கீழே இருந்த கூட்டுக்கு அது வந்த காலையை நான் மறக்கவில்லை. பெரிய சண்டை நடக்கும் என்று நினைத்தேன். ஒன்றுமே நடக்கவில்லை. இருபது குளவிகளும் இறங்கிப் பக்கத்துச் சுவரில் வரிசையாக உட்கார்ந்துகொண்டன. கதண்டு அறை அறையாகத் தலையை நுழைத்துப் புழுவை இழுத்தது, மென்று உருட்டியது, எடுத்துக்கொண்டு பறந்தது, மறுபடி வந்தது. மூடிய அறைகளை ஓரத்தில் கிழித்தது. மத்தியானத்துக்குள் கூடு காலி.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கடக்கர் குழுவினர் பல பத்தாண்டுகளாகக் காகிதக் குளவிகளை ஆராய்கிறார்கள். அவர்கள் குளவி வளர்க்கும் அறைக்குக் கம்பிவலை அடித்திருப்பதே இந்தக் கதண்டுக்காகத்தான்: குளவி நுழையும், கதண்டு நுழையாது.

நீங்கள் இல்லாத நேரத்தில் வந்துபோயிருந்தால்? முதல் நாள் கணக்கை எடுங்கள். மூடிகள் கிழிந்து, அறைகள் காலியாகி, பெரிய குளவிகள் மட்டும் உயிரோடு இருந்தால் கதண்டுதான் வந்திருக்கிறது. வந்துபோகும் கதண்டு உங்களைத் தேடி வரவில்லை. துரத்தாமல் இருந்தால் போதும்.

படி 5: மின்கம்பியை அண்ணாந்து பாருங்கள்

பஞ்சுருட்டான் என்ற பறவை பறந்துபோய்ப் பூச்சியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த கம்பிக்கே திரும்பும். பிடித்தது குளவியோ தேனீயோ என்றால் உடனே விழுங்காது. கம்பியில் நாலு அடி அடித்து, பின்பக்கத்தை அழுத்தித் தேய்த்து, கொடுக்கின் விஷத்தை வெளியேற்றிய பிறகுதான் உள்ளே போகும். அது வழக்கமாக உட்காரும் இடத்துக்குக் கீழே தேடினால் கக்கிய சின்னச் சின்னக் கருப்பு உருண்டைகள் கிடைக்கும். குச்சியால் உடைத்தால் பூச்சியின் இறக்கைத் துண்டு, ஓட்டுத் துண்டு எல்லாம் தெரியும்.

கரிச்சானும் குளவி பிடிக்கும். தேன் பருந்து வந்தால் அது அதிர்ஷ்டம். அடையைப் பிய்த்துப் புழுவைத் தின்னும். முகத்தில் செதில்போல் அடுக்கிய இறகு இருப்பதால் கொடுக்கு இறங்காது.

படி 6: பழைய மண்கூட்டை உடைத்துப் பாருங்கள்

"குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்" என்பார்கள். கூட்டுக்குள் போகும் புழு குளவியாவதில்லை, குளவிக்குஞ்சுக்குச் சாப்பாடாகிறது. சில மண்குளவிகள் புழுவுக்குப் பதில் சிலந்தியை அடைக்கும். அந்தக் குளவியே வலையில் சிக்கினால் சிலந்திக்குச் சாப்பாடு.

குளவி நடமாட்டமே இல்லாத கூடாகப் பார்த்துப் பெயர்த்தெடுங்கள். பென்சில் கனத்துக்கு வட்டமான ஓட்டை இருந்தால் குஞ்சு பிழைத்து வெளியேறிவிட்டது. குண்டூசித் துளைகள் மட்டும் இருந்தால், உள்ளே வேறு பொடிக் குளவிகள் அதன் புழுவைத் தின்று வளர்ந்து பறந்துபோயிருக்கின்றன. சில சமயம் மயில்கழுத்து நிறத்தில் மின்னும் ஒரு குளவி மண்கூட்டைச் சுற்றிக்கொண்டே இருக்கும். அழகில் மயங்கவேண்டாம், அதுவும் முட்டையிட வந்த திருடிதான். தொட்டால் பந்தாகச் சுருண்டுகொள்ளும்.

கதண்டு காலிசெய்த காகிதக் கூட்டை மறுநாளே தட்டிவிடாதீர்கள். பெரிய குளவிகள் சில நாள் அங்கேயே உட்கார்ந்திருக்கும். அவை முழுவதும் போய்விட்டன என்று இரண்டு காலை தொடர்ந்து பார்த்து உறுதிசெய்துகொண்டு, நீளக் கம்பால் எடுத்துவிடலாம்.