1956 உலகத் தொடர், ஐந்தாவது ஆட்டம்: பேஸ்பால் ஸ்கோர் அட்டை எழுதிச் சரிபார்ப்பது எப்படி?

பேஸ்பால் ஸ்கோர் எழுதப் பழகுபவர்கள் முதலில் எடுக்க வேண்டிய ஆட்டம் இது. அமெரிக்க பேஸ்பாலின் சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடர், 1956 அக்டோபர் 8, யாங்கீ ஸ்டேடியம். புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியில் ஆட வந்த 27 பேரில் ஒருவரைக்கூட நியூயார்க் யாங்கீஸின் பிட்சர் (பந்து எறிபவர்) டான் லார்சன் முதல் பேஸைத் தொடவிடவில்லை. உலகத் தொடரில் இப்படியொரு முழுமை வேறெந்த ஆட்டத்திலும் இல்லை. ஓர் அணியின் அட்டை துடைத்துவைத்ததுபோல் இருக்கும். மற்றதில் கணக்கர் தடுமாறும் இடங்கள் எல்லாம் இருக்கும்.

முதலில் ஃபீல்டர்களின் எண்கள்: பிட்சர் 1, கேட்சர் (மட்டையாளருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவர்) 2, முதல் பேஸ் 3, இரண்டாம் பேஸ் 4, மூன்றாம் பேஸ் 5, ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுகளுக்கு நடுவே நிற்பவர்) 6, வெளிக்களத்தின் இடப்பக்கம், நடு, வலப்பக்கம் முறையே 7, 8, 9. ஷார்ட்ஸ்டாப்பை 5 என்று எழுதுவதுதான் புதியவர்களின் வழக்கமான பிழை. நிற்கும் வரிசையை நினைத்து எண் போடுவதால் வருவது அது.

இரண்டாவது இன்னிங்ஸில் ஜாக்கி ராபின்சன் அடித்த பந்து மூன்றாம் பேஸில் ஆண்டி கேரியின் கையுறையில் பட்டுத் தெறித்தது. ஷார்ட்ஸ்டாப் கில் மெக்டூகல்ட் அதைப் பொறுக்கி முதல் பேஸுக்கு எறிய, ராபின்சன் அவுட். கட்டத்தில் 5-6-3 என்று எழுதுங்கள். கேரி எறியவே இல்லை. ஆனாலும் பந்தைத் திருப்பிவிட்டதற்கு அவருக்கும் ஓர் அசிஸ்ட் (அவுட்டுக்கு உதவியதற்கான கணக்கு) உண்டு. 6-3 என்று சுருக்கினால் அது காணாமல் போகும்.

ஸ்ட்ரைக் அவுட்டுக்கு (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்டாவது) 'கே' (K). மட்டையை வீசாமல் நின்றே அவுட்டானால் அந்த எழுத்தைத் திருப்பிப் போடுங்கள். கடைசி ஆள் டேல் மிட்செலுக்குத் திருப்பிய 'கே' தான். லார்சனின் ஏழு ஸ்ட்ரைக் அவுட்டுகளுக்கும் புட்அவுட் (அவுட்டை முடித்தவருக்கான கணக்கு) கேட்சர் யோகி பெர்ராவின் கணக்கில் ஏறும், லார்சனுக்கு அல்ல.

இனி யாங்கீஸ் பக்கம். நான்காவதில் மிக்கி மேண்டிலின் ஹோம் ரன். ஆறாவதுதான் நுணுக்கமானது: கேரி சிங்கிள் (முதல் பேஸை எட்டும் அடி), லார்சன் தியாகத் தட்டு (தான் அவுட்டாகி ஓட்டக்காரரை முன்னேற்றும் மெல்லிய தட்டு), ஹாங்க் பாவர் சிங்கிளில் கேரி ஓட்டம், ஜோ காலின்ஸ் சிங்கிளில் பாவர் மூன்றாம் பேஸுக்கு. அடுத்து மேண்டில் தரையில் அடித்த பந்தை எடுத்த கில் ஹாட்ஜஸ் முதல் பேஸைத் தானே மிதித்தார். அது ஓர் அவுட். பிறகு ஹோமுக்கு எறிய, பாவர் மூன்றாம் பேஸுக்கும் ஹோமுக்கும் நடுவில் சிக்கினார்: 3-2-5-2-5. கேட்சர் கேம்பனெல்லா இரண்டு முறை எறிந்தாலும் அசிஸ்ட் ஒன்றுதான். எண் இரண்டு முறை வருகிறதே என்று இரண்டு போட்டுவிடாதீர்கள்.

யாங்கீஸுக்கு ஒன்பதாவதில் ஆடத் தேவை இருக்கவில்லை. அந்தக் கட்டத்தில் பெருக்கல் குறி இடுங்கள், பூஜ்யம் அல்ல. டாட்ஜர்ஸ் பிட்சர் சால் மேக்லிக்கு அதனால் எட்டு இன்னிங்ஸ் மட்டுமே.

எல்லாம் எழுதியபின் தராசு பாருங்கள். ஆட வந்தவர்களின் மொத்தம் = ஓட்டங்கள் + பேஸில் தங்கியவர்கள் + எதிரணியின் புட்அவுட்டுகள். டாட்ஜர்ஸ்: 0 + 0 + 27 = 27. யாங்கீஸ்: 26 அட்பேட் (வாக்கும் தியாகத் தட்டும் சேராத ஆட்ட முறைகள்), 2 வாக் (நான்கு தவறான பந்துகளால் கிடைக்கும் முதல் பேஸ்), 1 தியாகத் தட்டு, ஆக 29; மறுபுறம் 2 + 3 + 24 = 29.

யாங்கீஸ் சமன்பாட்டின் இடப்பக்கம் ஒன்று கூடி 30 வந்தால், தியாகத் தட்டை அட்பேட்டிலும் சேர்த்திருப்பீர்கள். லார்சனின் வரிசையைப் பாருங்கள், அட்பேட் இரண்டுதான். சமன்பாட்டின் வலப்பக்கம் இடித்தால் தங்கியவர்களை எண்ணுங்கள்: 5 ஹிட், 2 வாக், பேஸில் ஏறியவர்கள் 7, அதில் இருவர் ஓட்டம், இருவர் இரண்டு இரட்டை அவுட்டுகளில் (ஒரே பந்தில் இரு அவுட்) போனவர்கள், மீதி 3.