சொட்டு மருந்துக்கு அடங்காத காது

காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்குப் புதிதாக வரும் இளம் மருத்துவர்கள், எங்கள் தலைமுறை இடறிய அதே இடங்களில் இடறுகிறார்கள். காதை நன்றாகத் துடைத்துவிட்டுப் பார் என்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். காதைச் சூழ்ந்த பொட்டெலும்பில் வரும் புற்றுநோய், ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஏறத்தாழ ஒருவரைத் தாக்குவது. அரிது என்பதாலேயே கோட்டை விடுகிறோம்.

கிள்ளிய சதையைக் குப்பையில் போடுவது

அறுபதைத் தாண்டிய ஒருவர். நெடுநாள் சீழ் வடிந்த காது. பிறகு இரவில் தூங்கவிடாத வலி, தலையணை உறையில் இரத்தக் கறை. அவர் கொண்டுவந்த மருந்துச் சீட்டுகளில் சொட்டு மருந்தின் பெயர்தான் மாறிக்கொண்டே இருந்தது. ஒன்றில் மட்டும், 'காதுக் குழாயில் சதை வளர்ச்சி, அகற்றப்பட்டது' என்றிருந்தது. அகற்றிய சதை எங்கே போனது? பரிசோதனைக்காகத் திசுவைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் குப்பிக்குள் போகவில்லை. நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. அன்றே பரிசோதனைக்கு அனுப்பியிருந்தால் நோய் பிடிபட்டிருக்கும். எங்களிடம் வந்தபோது வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. முகநரம்பு செயலிழந்தால், இந்தப் புற்று எவ்வளவு பரவியது என அளக்கும் பிட்ஸ்பர்க் வகைப்பாட்டில் நேராக டி4, அதாவது மிக முற்றிய கட்டம். அறுவையில் அந்த நரம்பையும் சேர்த்தே எடுக்க வேண்டியிருந்தது.

அனுப்பினால் மட்டும் போதாது. மேலோட்டமாகக் கிள்ளிய துணுக்கில் வெறும் அழற்சிதான் தெரியும். 'புற்று இல்லை' என்று அறிக்கை வந்த பிறகும் வலியும் இரத்தமும் நிற்கவில்லையா? ஆழத்திலிருந்து மறுபடி எடுங்கள். செவிப்பறைக்குப் பின்னால் சிவந்து துடிக்கும் கட்டியை மட்டும் தொடாதீர்கள். இரத்தக் குழாய்கள் நிறைந்த குளோமஸ் கட்டியாக இருந்தால் இரத்தம் கொட்டும். அங்கே ஸ்கேன்தான் முதலில்.

சர்க்கரை நோயாளி என்றதும் தொற்று என முடிவுகட்டுவது

புற்றைப் போலவே, தொற்றை உண்டாக்கும் சூடோமோனாஸ் கிருமியும் எலும்பை அரிக்கும், சதையை வளர்க்கும். ஸ்கேனில் இரண்டும் அண்ணன் தம்பி போலத் தெரியும். திசுப் பரிசோதனை இல்லாமல் வாரக்கணக்கில் ஊசி போடாதீர்கள்.

ஒரே ஸ்கேனோடு நிறுத்துவது

எலும்பரிப்புக்கு சி.டி.; மூளையுறைக்கும், காதுக்கு முன்னுள்ள பரோட்டிட் உமிழ்நீர்ச் சுரப்பிக்கும் எம்.ஆர்.ஐ.

'காதுக்குப் பின்னுள்ள மாஸ்டாய்டு எலும்பைத் திறந்து பார்ப்போம்'

வேண்டாம். புற்றைத் துளைத்துத் துண்டு துண்டாக எடுத்தால் மிச்சம் தங்கிவிடும். நோய் காதுக் குழாயோடு நிற்கும்போது குழாய், செவிப்பறை, சுத்தி எலும்பு, பட்டடை எலும்பு எல்லாம் ஒரே துண்டாக வெளியே வர வேண்டும். எலும்பை அரித்து முற்றியிருந்தால் பின்னாலேயே கதிர்வீச்சு.

குழந்தையின் காதில் சதை

ராப்டோமயோசர்கோமா என்ற தசைப் புற்றாக இருக்கலாம். சொட்டு மருந்துக்குக் கரையவில்லை என்றால் உடனே பயாப்சி.