தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு சட்டக் கல்லூரிக்குப் போகிறவர்களுக்கு

எங்கள் வீட்டில் வக்கீலாகக் கோர்ட் படி ஏறிய முதல் ஆள் நான். அருப்புக்கோட்டையில் தறிக் குடும்பம். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம், பிறகு பி.காம்., அப்புறம் மதுரை அரசு சட்டக் கல்லூரியில் மூன்று வருட எல்எல்.பி. "இங்கிலீஷ் வராதேக்கா, சட்டம் படிக்க முடியுமா?" என்று கேட்டு ஆபீசுக்குப் பிள்ளைகள் வருகிறார்கள். முடியும். அவர்களுக்குச் சொல்வதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் சேர்க்கை. அரசு சட்டக் கல்லூரிகளுக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஐந்து வருடப் படிப்புக்கு ப்ளஸ் டூ மதிப்பெண், மூன்று வருடப் படிப்புக்கு டிகிரி மதிப்பெண். அதை வைத்து தரவரிசை, பிறகு கவுன்சிலிங். வக்கீல்களையும் சட்டப் படிப்பையும் ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலின் விதிப்படி பொதுப் பிரிவுக்கு 45 சதவீதமாவது வேண்டும். எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கு 40. பள்ளிப் படிப்பை முடிக்காமல் நேரடியாகத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் டிகிரி வாங்கியவர்களை எல்எல்.பி.யில் சேர்க்க மாட்டார்கள். பணம் கட்டுவதற்கு முன்பே இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். சாதிச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றையும் இப்போதே ஒரு பையில் போட்டு வையுங்கள்.

திருச்சியில் இருக்கும் தேசிய சட்டப் பல்கலைக்கழகம் போன்றவற்றுக்கு கிளாட் என்கிற தேசிய அளவிலான நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். 120 கேள்வி, இரண்டு மணி நேரம், முழுக்க ஆங்கிலம். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் குறையும்.

கல்லூரியில் சேர்ந்த பிறகு நான் செய்த தப்பைச் சொல்கிறேன். 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தை கைடில் ஆங்கிலத்திலேயே மனப்பாடம் செய்து எழுதினேன். அரியர் விழுந்தது. அதன்பிறகுதான் பேர் ஆக்ட் என்று சொல்கிற, விளக்கவுரை இல்லாத வெறும் சட்டப் புத்தகத்தைக் கையில் எடுத்தேன். இரண்டாவது பிரிவை வரிவரியாகப் படிக்க நாலு நாள் ஆனது. நம் பேச்சில் எல்லாமே ஒப்பந்தம்தான். சட்டத்தில் அக்ரிமென்ட் வேறு, கான்ட்ராக்ட் வேறு. சட்டப்படி நிறைவேற்ற வைக்கக்கூடிய அக்ரிமென்ட்தான் கான்ட்ராக்ட். இந்த ஒரு வரி புரிந்ததும், மைனர் எழுதிக்கொடுத்த அடமானம் ஏன் செல்லாது என்று 1903இல் மோஹோரி பீபீ வழக்கில், அன்றைக்கு லண்டனில் இருந்த உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் சொன்னதும் தானாகப் புரிந்துவிட்டது. மறுபடி எழுதினேன், தமிழிலேயே. பாஸ்.

அதனால் ஒரு நாளைக்கு இரண்டு பிரிவு போதும். ஆங்கில மூலத்தைச் சத்தமாகப் படியுங்கள். "ஷல்" வந்தால் செய்தே ஆக வேண்டும், "மே" வந்தால் செய்யலாம் என்று பொதுவாக எடுத்துக்கொண்டு, இரண்டையும் வேறு வேறு நிறத்தில் கோடு போடுங்கள். கூடவே வரும் விதிவிலக்கு, உதாரணம் எதையும் தாண்டிப் போகாதீர்கள். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு அம்மாவிடம் சொல்வதுபோலத் தமிழில் சொல்லிப் பாருங்கள். என் அம்மா தறியில் இருந்தபடியே கேட்பார். அவருக்குப் புரியவில்லை என்றால் எனக்கும் புரியவில்லை என்று அர்த்தம். பழைய புத்தகம் வாங்கும்போது கவனம்: 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது, பிரிவு எண்கள் மாறிவிட்டன.

வருகைப் பதிவு ஒவ்வொரு பாடத்துக்கும் 70 சதவீதம். வேலைக்குப் போய்க்கொண்டே படித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வகுப்பு இல்லாத நேரம் கோர்ட்டில் போய் உட்காருங்கள். பின்வரிசையில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். வாய்தா எப்படிக் கேட்கிறார்கள், குறுக்கு விசாரணையில் ஒரு சாட்சி எந்தக் கேள்விக்குத் தடுமாறுகிறார் என்று பாருங்கள். அங்கே சாட்சி பேசுவது நம் தமிழ். உயர் நீதிமன்றத்துக்குப் போகும்போதுதான், அரசியலமைப்பின் 348ஆவது பிரிவால், ஆங்கிலம் வேண்டும். அதற்குள் உங்களுக்கு அது வந்திருக்கும். மூன்று வருடப் படிப்பில் 12 வாரம், ஐந்து வருடப் படிப்பில் 20 வாரம் பயிற்சிக்குப் போக வேண்டும். ஊரிலேயே நாலு பேருக்கு வழக்கு நடத்தும் வக்கீலிடம் போங்கள். குமாஸ்தாவிடம் கேஸ் கட்டு கட்டவும் கற்றுக்கொள்ளலாம்.

படிப்பு முடிந்ததும் பார் கவுன்சிலில் பதிவு. கட்டணத்தை நினைத்து வட்டிக்குக் கடன் வாங்காதீர்கள். வக்கீல் சட்டத்தில் இருக்கிற 750 ரூபாய், எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கு 125 ரூபாய், இதற்கு மேல் பதிவுக் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் சொல்லிவிட்டது. முத்திரைக் கட்டணம் மட்டும் தனி.

அதன்பிறகு, தொடர்ந்து வக்கீல் தொழில் நடத்தத் தேற வேண்டிய அகில இந்திய பார் தேர்வு, 100 கேள்வி. பேர் ஆக்ட் புத்தகத்தை உள்ளே கொண்டுபோகலாம், ஆனால் அதில் குறிப்பு எதுவும் எழுதியிருக்கக் கூடாது. அதனால் முக்கியமான சட்டங்களுக்கு இரண்டு பிரதி வாங்குங்கள். ஒன்றில் கோடு போடுங்கள், கிறுக்குங்கள். இன்னொன்றைப் பேனா படாமல் பெட்டியில் வையுங்கள்.