மிக்ஸிட் பெற்றோர், டிக்டாக் பிள்ளைகள்: வீட்டுச் செல்போனுக்குக் கடிவாளம் போடும் முறை

தென்னாப்பிரிக்காவில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், லெனேசியா என்று எந்தப் பக்கம் போனாலும், ஒரு தமிழ்க் குடும்பத்தில் மூன்று தலைமுறை ஒரே வைஃபையில் இருக்கிறது. ஆனால் ஒவ்வொருவரும் இளவயதில் பிடித்த போன் வேறு. இங்கே வோடாகாம், எம்டிஎன் என்ற செல்போன் நிறுவனங்கள் 1994இல் சேவை தொடங்கியபோது செல்போன் வசதியானவர்கள் சட்டைப்பையில்தான் இருந்தது. 1996இல் ப்ரீபெய்ட் வந்த பிறகே மற்ற வீடுகளுக்கு எட்டியது. முன்பணம் கட்டி வாங்கிய ஏர்டைம் தீர்ந்தால் பேச்சும் தீர்ந்தது. 2001இல் வந்த 'ப்ளீஸ் கால் மீ' என்ற, திருப்பிக் கூப்பிடச் சொல்லும் இலவசச் செய்தியை அனுப்பிவிட்டு, அம்மா திருப்பிக் கூப்பிடும்வரை பிள்ளைகள் காத்திருந்தார்கள். அடுத்து ஸ்டெல்லன்போஷில் உருவான மிக்ஸிட் என்ற செல்போன் அரட்டை ஆப் வந்தது. ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 80 சென்ட் வரை போன காலத்தில், அதில் ஒரு செய்திக்கு ஒன்றிரண்டு சென்ட்தான். அன்று போர்வைக்குள் விடிய விடியத் தட்டிக்கொண்டிருந்த பள்ளிப் பிள்ளைகள்தான் இன்றைய பெற்றோர்.

இத்தனை மாற்றத்திலும் ஒன்று மட்டும் மாறாமல் இருந்தது. காசுதான் கடிவாளம். பெரியவர்கள் அதட்டத் தேவையே இல்லை, ஏர்டைம் தானே நிறுத்தியது. 2020 ஏப்ரலில்கூட வோடாகாமின் 30 நாள் 1 ஜிபி, 149 ராண்டிலிருந்து 99 ராண்டுக்கு இறங்கியதே பெரிய செய்தி. வரம்பில்லா ஃபைபர் வீட்டுக்குள் வந்ததும் அந்தக் கடிவாளம் கழன்றுவிட்டது. இன்னும் ஒரு மணி நேரம் பார்த்தால் கூடுதல் செலவு ஒன்றுமில்லை. லோட்ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டு இருந்தவரை அதுவாவது சில மணி நேரம் ரவுட்டரை அணைத்தது. 2024 மார்ச் கடைசிக்குப் பிறகு அதுவும் பெரிதும் குறைந்துவிட்டது. ஆகவே நிறுத்தும் வேலையை இப்போது வீட்டார்தான் செய்யவேண்டும். அதை எப்படிச் செய்வது, எங்கே பிசகும் என்று பார்ப்போம்.

முதல் வாரம்: கணக்கு மட்டும்

எடுத்தவுடன் தடை போடாதீர்கள். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸுக்குள் டிஜிட்டல் வெல்பீயிங், ஐபோனில் ஸ்கிரீன் டைம். ஒரு வாரம் ஓடவிட்டு, ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். மொத்த மணி நேரத்தைப் பார்த்து மிரளவேண்டாம். பாட வேலையும் அதில் அடங்கும், கூகுள் மேப்பும் அடங்கும். பார்க்கவேண்டியவை மூன்று: எந்த ஆப் அதிகம், ஒரு நாளில் எத்தனை முறை போனைத் திறந்தார்கள், இரவு கடைசியாகத் தொட்டது எத்தனை மணிக்கு. இந்த மூன்றாவதுதான் பள்ளியில் தூங்கி வழிவதற்கும் காலையில் எரிந்து விழுவதற்கும் பெரும்பாலும் காரணம்.

அப்பா, அம்மா, தாத்தாவின் எண்களும் அதே மேசைக்கு வரவேண்டும். பிள்ளையின் போனை மட்டும் திறந்து பார்த்தால் அது விசாரணை ஆகிவிடும். அன்றிரவே பிள்ளை வேறு வழி தேடத் தொடங்கும்.

இரவு: ரவுட்டரும் நள்ளிரவு டேட்டாவும்

படுக்கையறைக்கு வெளியே ஒரே சார்ஜிங் இடம் வையுங்கள், கூடமோ சமையலறை மேடையோ. பள்ளி நாளில் 9.30க்கு எல்லா போனும் அங்கே போகவேண்டும், பெரியவர்களுடையதும் சேர்த்து. "அலாரத்துக்கு போன் வேணும்" என்பார்கள். ஒரு சாதாரண அலாரக் கடிகாரம் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது ரவுட்டர். அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ளே நுழையும் முகவரியும் (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1) கடவுச்சொல்லும் இருக்கும். உள்ளே போய் முதலில் அந்த நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். வைஃபை கடவுச்சொல் வேறு, இது வேறு. ஸ்டிக்கர் பிள்ளைக்கும் தெரியும். பிறகு பேரன்டல் கன்ட்ரோல் அல்லது அக்சஸ் ஷெட்யூல் என்ற பக்கத்தில் பிள்ளையின் போனைத் தேர்ந்தெடுத்து, இரவு 9.30 முதல் காலை 5.30 வரை இணைப்பை நிறுத்துங்கள்.

பலருக்கு இது ஒரு வாரம் வேலை செய்து பிறகு நின்றுபோகிறது. ரவுட்டர் ஒவ்வொரு கருவியையும் அதன் மேக் முகவரி என்ற அடையாள எண்ணை வைத்து அடையாளம் காண்கிறது. இப்போதைய போன்கள் அந்த முகவரியை மறைத்து, தற்காலிகமான ஒன்றைக் காட்டுகின்றன. முகவரி மாறினால் ரவுட்டருக்கு அது புது போன், தடை பொருந்தாது. பிள்ளையின் போனில் வீட்டு வைஃபையின் விவரப் பக்கத்தைத் திறந்து, ஐபோனானால் பிரைவேட் வைஃபை அட்ரஸை அணையுங்கள். ஆண்ட்ராய்டானால் ரேண்டமைஸ்டு மேக் என்பதற்குப் பதில் டிவைஸ் மேக் என்று மாற்றுங்கள். பிறகு ரவுட்டர் பட்டியலில் மீண்டும் சேருங்கள்.

இன்னொரு ஓட்டை சிம்மில் இருக்கிறது. இங்கே விற்கும் பல டேட்டா பண்டில்களில் பாதி எந்நேரத்துக்கும், மீதி நள்ளிரவு 12 முதல் காலை 5 வரைக்கும். இலவசம் போலக் கிடைக்கும் அந்த நள்ளிரவு ஜிபிகள் வீணாகக்கூடாது என்றே பிள்ளைகள் விழித்திருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைக்கு நள்ளிரவுப் பங்கு இல்லாத பண்டிலைப் பார்த்து வாங்குங்கள், ஜிபி குறைவாக இருந்தாலும் பரவாயில்லை.

வயதுக்கு ஏற்ற பூட்டு

வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம், டிக்டாக் மூன்றுக்கும் இங்கே குறைந்தபட்ச வயது 13. அதற்குக் கீழே கூகுள் ஃபேமிலி லிங்க் போதும். எந்த ஆப் இறக்கினாலும் உங்கள் போனுக்கு அனுமதி கேட்டு வரும், ஒவ்வொரு ஆப்புக்கும் நிமிடக் கணக்கு வைக்கலாம், இரவுப் பூட்டும் போடலாம். ஐபோனில் ஸ்கிரீன் டைமுக்கு நான்கு இலக்கக் கடவு எண் வையுங்கள். போனைத் திறக்கும் எண்ணே இதற்கும் வேண்டாம்.

13க்கு மேல் ஆப்புக்குள்ளேயே போகவேண்டும். டிக்டாக்கில் 16 வயதுக்குக் கீழ் கணக்கு தானாகவே பிரைவேட்டாக இருக்கும், நேரடிச் செய்தி வசதி கிடையாது. 18க்குக் கீழ் நாளுக்கு 60 நிமிட எல்லையும் உண்டு. ஆனால் அந்த 60 நிமிடம் முடிந்ததும் ஒரு கடவு எண்ணைத் தட்டிவிட்டுப் பிள்ளையே தொடரலாம். உண்மையான எல்லை வேண்டுமானால் ஃபேமிலி பேரிங் மூலம் உங்கள் கணக்கோடு இணையுங்கள். ஒரு போனில் வரும் க்யூஆர் குறியை மற்றதில் படித்தால் இணைந்துவிடும். இன்ஸ்டாகிராமின் டீன் கணக்கில், 16க்குக் கீழுள்ளவர்கள் பாதுகாப்பைத் தளர்த்தப் பெற்றோர் அனுமதி வேண்டும்.

இவை எல்லாமே ஒரே ஒரு விவரத்தை நம்பி நிற்கின்றன: பிறந்த வருடம். பத்து வயதில் கணக்குத் தொடங்கிய பிள்ளை ஏதோ ஒரு பழைய வருடத்தைப் போட்டிருக்கும். அதனால் 14 வயதுப் பெண்ணை ஆப் முப்பது வயதுப் பெண்ணாக நினைக்கிறது, மேலே சொன்ன பாதுகாப்பு ஒன்றும் அவளுக்கு இல்லை. வேறு எதைத் தொடுவதற்கும் முன் இதைப் பாருங்கள். தவறாக இருந்தால், புதுக் கணக்கைச் சரியான தேதியோடு தொடங்கி நண்பர்களை அங்கே அழைத்துக்கொள்வதே எளிது. பழைய வீடியோக்கள் போகுமே என்று பிள்ளை வருந்தும். தேவையானதை முதலில் போனில் சேமிக்க நேரம் கொடுங்கள்.

பூட்டைத் தாண்டும் வழிகள் பழையவைதான். ஆப்பை நிறுத்தினால் பிரவுசரில் டிக்டாக் திறப்பது, மேசை இழுப்பறையில் கிடக்கும் உடைந்த திரைப் பழைய போன், ஆண்ட்ராய்டின் கெஸ்ட் கணக்கு, சாம்சங்கின் செக்யூர் ஃபோல்டர், நண்பனின் ஹாட்ஸ்பாட். போர்வைக்குள் மிக்ஸிட் ஓட்டிய பெற்றோருக்கு இது புரியாமல் போகாது. பிடிபட்டால் போனைப் பிடுங்கி ஒரு மாதம் பூட்டி வைப்பதைவிட, மீறிய ஆப்பை மட்டும் ஒரு வாரம் நீக்குவது மேல். முழு போனும் போய்விடும் என்ற பயம் இருக்கும் வீட்டில், உண்மையான ஆபத்து வரும்போது பிள்ளை வாய் திறக்காது.

பெரியவர்கள் பக்கம்

வதந்தியை அனுப்புவதில் பிள்ளைகளைவிடப் பெரியவர்கள் குறைந்தவர்கள் இல்லை. 2021 ஜூலைக் கலவரத்தில் டர்பனைச் சுற்றி வாட்ஸ்அப் குரல்பதிவுகள் ஏற்றிவிட்ட பயம் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஃபீனிக்ஸில் உயிர்கள் போயின. ஒரு செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால், அது ஐந்தோ அதற்கு மேலோ கை மாறி வந்தது என்று பொருள். அதை அனுப்பியவருக்கும் மூலம் தெரியாது. தேதி, இடம், பேசுபவர் பெயர் மூன்றும் இல்லாத குரல்பதிவை எந்த குரூப்பிலும் போடுவதில்லை என்று வீட்டில் முடிவு செய்யுங்கள். வன்முறையைத் தூண்டும் செய்தியை அனுப்புவது, 2021 டிசம்பர் 1இல் நடைமுறைக்கு வந்த சைபர்கிரைம்ஸ் சட்டத்தின்படி மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம்.

தாத்தா, ஆயா போனில் பேரப்பிள்ளை செய்து தரவேண்டியவை: வாட்ஸ்அப் அக்கவுன்ட் பகுதியில் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் போட்டு ஆறு இலக்க எண் வைப்பது, பிரைவசியில் குரூப்ஸை 'மை கான்டாக்ட்ஸ்' என்று மாற்றுவது, லிங்க்டு டிவைசஸில் தெரியாத கருவி இருந்தால் வெளியேற்றுவது. பட்டனை ஆயாவே அழுத்தட்டும். பேரன் அழுத்திக் காட்டினால் மறுநாள் மறந்துவிடும். எஸ்எம்எஸ்ஸில் வரும் ஆறு இலக்க எண்ணை மகனே கேட்டாலும் சொல்லக்கூடாது என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். மகனின் கணக்கு ஏற்கெனவே திருடுபோயிருக்கலாம். போனில் காரணமில்லாமல் சிக்னல் போய் நெடுநேரம் வரவில்லையென்றால் அது சிம் ஸ்வாப்பாக, அதாவது உங்கள் எண்ணை வேறொருவர் தன் சிம்முக்கு மாற்றிக்கொண்டதாக இருக்கலாம். உடனே வேறு போனிலிருந்து வங்கியைக் கூப்பிட்டுக் கணக்கை முடக்குங்கள், நெட்வொர்க் கம்பெனியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இதற்குக் கைமாறாக ஆயா ஒரு வேலை செய்யலாம். வாரம் இரண்டு முறை பேரப்பிள்ளைக்குத் தமிழில் ஒரு வாய்ஸ் நோட் அனுப்பலாம். எழுத்து தெரியாத பிள்ளைக்கும் காதில் தமிழ் விழும். புரியாததைத் திரும்பக் கேட்கலாம்.

படத்தை வைத்து மிரட்டினால்

மிகவும் அவசரமான பகுதி இதுதான். யாரோ பெண் போலப் பேசி, ஒரு பையனிடம் அந்தரங்கப் படம் வாங்கி, அரைமணி நேரத்தில் பணம் கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. பெண் பிள்ளைகளுக்கு இந்த மிரட்டல் பழைய காதலனிடமிருந்தும் வருகிறது. பிள்ளை வந்து சொன்னதும் முதலில் சொல்லவேண்டியது: "சொன்னதே நல்லது. நாம பார்த்துக்கலாம்." ஏன் அனுப்பினாய் என்ற கேள்வியை அன்று கேட்காதீர்கள்.

பணம் கொடுக்கவேண்டாம். ஒருமுறை கொடுத்தால் தொகை ஏறும். பேச்சை அழிக்கவும் வேண்டாம். மிரட்டல் செய்தி, அனுப்பியவரின் பெயர் அல்லது எண், கணக்கின் முகவரி, தேதி, நேரம் எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகே பிளாக் செய்யுங்கள். 18க்குக் கீழுள்ளவரின் அந்தரங்கப் படத்தைப் பரப்புவது குற்றம். ஆகவே ஆதாரம் என்று நினைத்து மாமாவுக்கோ குடும்ப குரூப்புக்கோ அனுப்பாதீர்கள். போனையே காவல் நிலையத்துக்குக் கொண்டுபோங்கள்.

படம் பரவாமலிருக்க 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை இருக்கிறது. அது 18 வயதுக்கு முன் எடுத்த படங்களுக்கானது. படம் போனை விட்டு வெளியே போகாது. அதன் எண்வடிவ அடையாளம் மட்டும் இன்ஸ்டாகிராம், டிக்டாக் போன்ற சேர்ந்துள்ள தளங்களுக்குப் போகிறது. வாட்ஸ்அப் போன்ற மறையாக்கப் பேச்சில் இது வேலை செய்யாது. பெரியவர்களின் படங்களுக்கு 'ஸ்டாப் என்சிஐஐ' அதே முறையில் செயல்படுகிறது.

பள்ளித் தோழர்கள் துன்புறுத்தினால், 2011ஆம் ஆண்டின் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி மாஜிஸ்ட்ரேட் நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை கேட்கலாம். பெற்றோர் துணையில்லாமல் பிள்ளையே கேட்கவும் சட்டம் இடம் தருகிறது. யார் என்று தெரியாத எண்ணாக இருந்தால், அதன் உரிமையாளர் விவரத்தைத் தரும்படி நெட்வொர்க் நிறுவனத்துக்கு நீதிமன்றம் உத்தரவிட முடியும். சைல்ட்லைன் எண் 116, எந்நேரமும் இலவசம். பிள்ளை சாவைப் பற்றிப் பேசினால் தனியே விடாதீர்கள். மனநல உதவிக்கு 0800 567 567.

பந்தயம்

18 வயது ஆகாதவர்களும் மூத்தவர்கள் பெயரில் கணக்குத் திறந்து போனில் ஆன்லைன் பந்தயம் கட்டுகிறார்கள். வங்கி அட்டை தேவையில்லை, கடையில் ரொக்கத்துக்கு வாங்கும் வவுச்சர் எண்ணே போதும். அதனால் வங்கிக் கணக்கில் தடம் இருக்காது. கைச்செலவுக் காசு வார நடுவிலேயே தீர்வது, கசங்கிய வவுச்சர் ரசீதுகள் ஆகியவற்றைக் கவனியுங்கள். இலவச ஆலோசனைக்கு 0800 006 008.

எப்போது தளர்த்துவது

பிள்ளையின் 13, 16, 18ஆம் பிறந்தநாட்களைக் காலண்டரில் இப்போதே குறித்துவையுங்கள். 16 ஆனதும் டிக்டாக்கில் நேரடிச் செய்தி வசதி திறக்கும். அந்த வாரத்தில் சேர்ந்து உட்கார்ந்து, யார் செய்தி அனுப்பலாம் என்பதை நண்பர்கள் மட்டும் என்று வையுங்கள். இரவு 9.30ஐ 10.30 ஆக்கலாம். ஆப்புகளின் நிமிடக் கணக்கை எடுத்துவிடலாம். கூடத்துச் சார்ஜிங் இடத்தை மட்டும் மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) தேர்வு முடியும்வரை மாற்றாதீர்கள்.